திட்டுவதற்கு ஓர் ஆள்

செப்டம்பர் 3

டாக்டரம்மா சொன்னதால் எழுதுகிறேன். என் மனைவி மங்கையின் காய்ச்சல், சாப்பாடு, வாந்தி, தூக்கம் எல்லாவற்றையும் தினமும் குறித்து வைக்கச் சொன்னார். பட்டுக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் என் கடையில்கூட நான் இவ்வளவு ஒழுங்காக எதையும் எழுதியதில்லை.

சென்னையில் ஒரு சத்திரத்தில் அறை கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நேர் பின்தெரு. ஒரு சமணக் குடும்பத்தின் அறக்கட்டளை நடத்துகிறது. மேலாளர் தரணேந்திரன் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். என் வயதுதான் இருக்கும். பொதுச் சமையலறைக்கான விதிகளை அவரே சொன்னார். கறி, முட்டை கூடாது. உருளைக்கிழங்கும் கூடாது. பொழுது சாய்வதற்குள் அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

"உருளைக்கிழங்கு என்ன சார் பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"அது பண்ணல சார். அதைத் தோண்டி எடுக்கறதுல நாம பண்ணிடக் கூடாதுன்னுதான்" என்றார், சிரிக்காமல்.

மங்கை தன் முருகன் படத்தை ஜன்னலோரம் வைத்தாள். பக்கத்து ஆணியில் என் கறுப்புச் சட்டை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீடு இப்படித்தான். அவள் விளக்கேற்றுவாள். நான் கூட்டத்துக்குப் போய், விளக்கு எதற்கு என்று பேசிவிட்டு வருவேன். வந்ததும் சோறு போடுவாள். இதற்காக ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

செப்டம்பர் 5

மங்கையின் வயிற்றுக் கட்டிக்கு முதல் கீமோ. காலையில் ஏற்றத் தொடங்கிய மருந்து மாலையில் முடிந்தது. இரண்டு இட்லி சாப்பிட்டாள். இரண்டும் வெளியே வந்துவிட்டன. காய்ச்சல் இல்லை.

பக்கத்து அறைச் சிறுமி வந்து கதவருகே நின்றாள். ரிஸ்வானா. ஏழு வயது. தலையில் மஞ்சள் கம்பளிக் குல்லா. ரத்தப் புற்று. போன வருடம் குணமாகிவிட்டது என்றார்களாம், இப்போது திரும்பியிருக்கிறது. உத்தமபாளையத்துக் குடும்பம். அவள் அத்தா ஜமால் அங்கே ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறார். அம்மா சபுரா.

"உங்களுக்கு முடி எப்பப் போகும், பெரியம்மா?"

"தெரியலயேடி தங்கம்."

"எனக்கு ரெண்டு தடவ போயிருச்சு. வலிக்கவே வலிக்காது. சீப்புதான் சும்மா கெடக்கும்."

மங்கை சிரித்தாள். வியாதியின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து இன்றுதான்.

செப்டம்பர் 9

தாழ்வாரத்து நாற்காலிகள் இப்போது பஸ். உத்தமபாளையத்திலிருந்து குமுளி போகிறது. கண்டக்டர் ரிஸ்வானா. மங்கை தினமும் கம்பத்தில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் விசில். என்னிடம் சில்லறை இல்லை என்று என்னை ஏற்ற மறுத்துவிட்டாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை இங்கே எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

மூன்று இட்லி. வாந்தி இல்லை.

செப்டம்பர் 12

சமையலறையில் இன்று பெரிய விவாதம். எதிர் அறை நவமணி அம்மாதான் தொடக்கம். தூத்துக்குடிப் பக்கம், தென்னிந்தியத் திருச்சபை. கணவர் ஞானதுரைக்குத் தொண்டையில் புற்று. குரல் போய்விட்டது. ஒரு பீடி குடித்ததில்லை, நாற்பது வருடம் ஆலயத்தில் பாட்டுப் பாடியவர்.

"பாடுன தொண்டையிலேயே வந்திருக்கு பாத்தியளா. ஏன்னு நான் கேக்கவே இல்ல. கேட்டா ஆண்டவரு பதில் சொல்லவா போறாரு? ஆனா அவரும் முள்ளும் ஆணியும் தாங்குனவருதான. வலின்னா என்னன்னு தெரியும். பக்கத்துல இருப்பாரு" என்றார்.

ரசத்தைத் தாளித்துக்கொண்டே ஜமால் சொன்னார். "எங்கள்ல சோதனைன்னு சொல்லுவோம்ண்ணே. தாங்க முடியாத பாரத்த அவன் யாரு மேலயும் வைக்க மாட்டான்."

தரணேந்திரன் வாசலில் நின்றபடி, "எங்களுக்குக் கொடுக்கறதுக்கும் எடுக்கறதுக்கும் ஒரு கடவுள் கிடையாது. அவரவர் வினை, அவரவர் கழிக்கணும்" என்றார்.

என்னைப் பார்த்தார்கள். "உடம்புல கோடிக்கணக்கா செல்லு. ஒண்ணு தப்பாப் பிரியுது, அவ்வளவுதான். மேலேருந்து யாரும் அனுப்பல" என்றேன். மேடையில் என்றால் கைதட்டல் வந்திருக்கும். இங்கே நவமணி அம்மா, "சார், பால் பொங்குது" என்றார்.

மங்கையிடம் சொன்னபோது, "எல்லாரும் நல்லாத்தான் சொல்லியிருக்காங்க, நீங்களும்தான்" என்று சொல்லி முருகனுக்குப் பூ வைத்தாள்.

செப்டம்பர் 19

மங்கைக்கு முடி கொத்துக் கொத்தாக வந்தது. ரிஸ்வானா பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொன்னேன்ல, வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நானும் மொட்டை அடித்துக்கொண்டேன். சென்னை வெயில் தாங்கவில்லை. முடி திருத்துபவர் எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்டார்.

செப்டம்பர் 20

ரிஸ்வானாவுக்குக் கடும் காய்ச்சல். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே ஒருவர்தான் போகலாம். ஜமால் போனார்.

சபுரா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் என்ன பாவம் செஞ்சேன்னு தெரியலையே. என் பாவந்தான் புள்ள மேல வந்துருச்சுன்னு ஊர்ல சொன்னாங்க. எதுன்னு சொன்னா திருத்திக்கிருவேன்ல."

தரணேந்திரன் தேற்றத்தான் நினைத்தார். "அழாதம்மா. இந்தப் பிறவியில எதுவும் செஞ்சிருக்க மாட்ட. இது முன்ன செஞ்ச வினை" என்றார். சபுரா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

உன் தப்பு எதுவும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம்.

மங்கை இன்று இரண்டு வேளையும் முருகன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி மட்டும்.

செப்டம்பர் 23

ரிஸ்வானா இன்று காலை இறந்துவிட்டாள்.

ஜமால் வெளியே வந்து, நாம் இறைவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம் என்று அவர்கள் சொல்லும் அரபு வாக்கியத்தைச் சொன்னார். குரல் நடுங்கவில்லை. வண்டியை நவமணி அம்மாவும் தரணேந்திரனும் ஏற்பாடு செய்தார்கள். பேச முடியாத ஞானதுரை, வண்டி நகரும்வரை ஜமாலின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மங்கை அழவில்லை. தெருமுனை வரை வண்டியைப் பார்த்தாள். மேலே வந்தாள். முருகன் படத்தை எடுத்துப் புடவைகளுக்கு அடியில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

சாப்பாடு இல்லை.

செப்டம்பர் 24

அவள் நெற்றியில் திருநீறு இல்லை. பார்க்க வேறு யாரோ போல் இருக்கிறாள்.

நான் இத்தனை வருடம் பேசியதெல்லாம் இதற்காகத்தான். மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 26

இரண்டாவது கீமோ நாள். கிளம்பு என்றேன். வரவில்லை என்றாள்.

"அந்தப் புள்ளைக்கு எத்தனை ஊசி போட்டாங்க? என்ன ஆச்சு? எனக்கு எதுக்கு? இருந்து நான் யாருக்கு என்ன செய்யப் போறேன்?"

டாக்டரம்மாவிடம் தனியாகப் பேசினேன். ஒரு வாரம் பொறுக்கலாம், அதற்குமேல் தள்ளினால் செய்ததும் வீண் என்றார்.

மத்தியானம், "பெட்டியத் தொறந்து படத்த எடுத்து வையேன்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவள் என்னையே பார்த்தாள். "நீங்களா சொல்றீங்க?"

செப்டம்பர் 27

நவமணி அம்மாவிடம் போய், அன்றைக்குச் சொன்னதை இன்னொரு தடவை விளக்கமாகச் சொல்லும்படி கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். மெதுவாகச் சொன்னார். மனதில் பதித்துக்கொண்டு மங்கையிடம் வந்தேன்.

"வலிய நிறுத்தறவரு இல்ல மங்கை. கூடவே இருந்து தானும் படறவரு. அப்படி ஒரு பார்வை இருக்கு."

"கூட இருந்து என்ன பண்ணாரு? நானுந்தான் அந்தப் புள்ள கூட இருந்தேன். எனக்குச் சக்தி இல்ல. அவருக்கு இருக்கு, இருந்தும் செய்யலன்னா அது கருணையான்னு நீங்கதானே பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துல கேட்டீங்க?"

அந்தக் கூட்டத்துக்கு அவள் வரவில்லையே என்றேன். ஒலிபெருக்கி வீடுவரை கேட்டது என்றாள்.

செப்டம்பர் 28

தரணேந்திரனிடம் போனேன். வினை பற்றிக் கேட்டதும் அவர் முகம் வாடியது.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் அதைச் சொல்லியிருக்கவே கூடாது சார். குடிச்சிட்டு லாரி ஓட்டுனவன் ஒருத்தன் என் தம்பிய மோதிக் கொன்னான். வினைன்னு நெனச்சதாலதான் அந்த ஆளை என்னால வெறுக்காம இருக்க முடிஞ்சுது. அவன் புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல இடம்கூட வாங்கிக் கொடுத்தேன். அது நான் சாப்பிடற மருந்து. அடுத்தவங்க வாயில ஊத்தறதுக்கு இல்ல."

அவருடைய தம்பியைப் பற்றி மட்டும் மங்கையிடம் சொன்னேன். உச்சுக் கொட்டினாள். "பாவம், நல்ல மனுசன். ஆனா ஏழு வயசுப் புள்ளையப் போன பிறவின்னு குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களே அதை எத்தனை தடவ கிழிச்சிருக்கீங்க" என்றாள்.

கிழித்திருக்கிறேன்தான். நன்றாகவே.

இன்று எனக்கும் பசியில்லை. சமையலறைப் பக்கம் போகவில்லை.

செப்டம்பர் 29

ஜமாலுக்குப் போன் செய்தேன். எப்படித் தாங்குகிறீர்கள் என்றுதான் கேட்க முடிந்தது.

"அவ எங்களுது இல்லண்ணே. அமானிதம். பாத்துக்கங்கன்னு குடுத்தது, கேட்டா திருப்பிக் குடுக்கணும். குழந்தைக போனா நேரா சொர்க்கந்தான். அங்க எங்களுக்காக வாசல்ல நிப்பா. அதை நம்பலைன்னா நான் இன்னிக்குக் கடைக்குப் போயிருக்க முடியாது."

இதையும் மங்கையிடம் கொண்டுவந்தேன். சோதனை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு, "பரீட்சை அப்பனுக்குன்னா, எழுதற தாள் ஏன் அந்தப் புள்ளையா இருக்கணும்?" என்று கேட்டாள்.

இது என் வாதம் இல்லை. நான் இதுவரை யோசித்ததுகூட இல்லை. எனக்குத் தெரிந்த எந்தப் பேச்சாளரும் இப்படிக் கேட்டதில்லை.

"ஜமாலுகிட்டப் போயி இதச் சொல்லிராதீங்க" என்றாள். "அவரு பிடிச்சிட்டு நிக்கிறத நாம தட்டிவிடக் கூடாது."

செப்டம்பர் 30

காலையில் மங்கையின் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். சபுரா.

"அண்ணே, எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. அவரு சொல்றதெல்லாம் காதுல விழுது, உள்ள எறங்கல. மாசமா இருக்கப்ப எங்க மாமியாகிட்ட ஒரு நாள் எதிர்த்துப் பேசிட்டேன். அதுவா இருக்குமாண்ணே?"

மூன்று நாளாகத் தேடித் தொகுத்து வைத்திருந்த பதில்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. எனக்குத் தெரிந்தது மட்டும் வந்தது.

"இல்லம்மா. நான் காயில் கட்டறவன். நல்ல கம்பி, நல்லாத்தான் சுத்தியிருப்பேன். எங்கயோ ஒரு எடத்துல பூச்சு விட்டுப்போயி உள்ளயே ஷார்ட் ஆயிடும். அது என் குத்தம் இல்ல, வாங்கினவன் குத்தமும் இல்ல. ஒன் புள்ளைக்கு ரத்தத்துல ஒண்ணு தப்பிப்போச்சு. நீ பேசினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒனக்குத் தண்டனை குடுக்க யாரும் இதச் செய்யல. நீ ஒரு தப்பும் பண்ணல."

அந்தப் பக்கம் அழுகை. வேறு மாதிரி அழுகை. "இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றாள். "நீ ஒரு தப்பும் பண்ணல" என்றேன். இன்னும் ஒரு தடவை கேட்டாள். சொன்னேன். அல்லாவை விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். "அதை நான் சொல்லலம்மா. உன்னைக் குத்தம் சொல்றத மட்டும் விட்டுடு."

போனை வைத்துத் திரும்பினால் மங்கை எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"எனக்கு மட்டும் ஊர்ச் சாமியெல்லாம் தூக்கிட்டு வந்தீங்க. அவகிட்ட உள்ளதச் சொல்றீங்க."

"உனக்கு அது போதாதுன்னு நெனச்சேன்."

"போதாதுதான்" என்றாள். "ஆனா எனக்குக் காரணமும் வேணாங்க. காரணம் தெரிஞ்சு நான் என்ன பண்ண? எனக்குக் கோவம் வருது. நெஞ்சு வெடிச்சிரும் போலக் கோவம். யாரும் பண்ணலன்னு நீங்க சொல்றீங்க, சரி. அப்ப நான் யாரத் திட்டறது? திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும்ல?"

"என்னைத் திட்டேன்."

"உங்களத் திட்டிச் சலிச்சுப்போச்சு." விரலால் போர்வையைச் சுருட்டினாள். "என்னக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. கும்பிட இல்ல."

அக்டோபர் 1

பஸ் நிறுத்தத்தை அடுத்து ஒரு சிறிய முருகன் கோயில். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, முகக்கவசம் போட்டுக் கூட்டிப்போனேன். வாசலில் விட்டுவிட்டு நிற்கலாம் என்றுதான் இருந்தேன். படியேறும்போதே அவளுக்குக் கால் தள்ளாடியது. ஆகவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கறுப்புச் சட்டை போட்டிருந்ததே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சன்னதி முன்னால் மங்கை முகக்கவசத்தை இறக்கினாள். நான் அவளை இப்படிப் பார்த்ததில்லை.

"கண்ணு இருக்கா உனக்கு? பன்னெண்டு கண்ணுன்னு சொல்றாங்களே, ஒண்ணுலகூடவா அந்தப் புள்ள தெரியல? ஒரு புள்ளைய எனக்குக் குடுன்னு கேட்டேன், குடுக்கல. போவட்டும்னு விட்டேன். வயித்துல கட்டியக் குடுத்த. அதுக்கும் உன்ன ஒரு வார்த்த சொன்னனா? சொல்லு, சொன்னனா? அவ என்னடா பண்ணா உனக்கு? பஸ்ஸு ஓட்டிட்டு இருந்தா. விசிலடிச்சிட்டு இருந்தா. வெக்கமா இல்ல? வேலு எதுக்கு உனக்கு, அழகுக்கா?"

தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி தடுக்க வந்தார். உள்ளிருந்த குருக்கள், இளவயதுக்காரர், வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு அப்படியே நின்றார். மங்கை குரல் கம்மும்வரை திட்டினாள். பிறகு அழுதாள். பிள்ளை இறந்த அன்றைக்கு வராத அழுகை எல்லாம் அங்கே வந்தது.

ஓய்ந்த பிறகு குருக்கள் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார். "அர்ச்சனை பண்ணட்டுமாம்மா? பேரு?"

"ரிஸ்வானா" என்றாள் மங்கை.

"நட்சத்திரம்?"

"தெரியாது."

அவர் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். தலையசைத்தார். உள்ளே போனார். மந்திரத்துக்கு நடுவில் "ரிஸ்வானா நாம்ன்யாஹா" என்று தெளிவாகக் கேட்டது.

திரும்பி வரும்போது இரண்டு இட்லி வாங்கினேன். ஆட்டோவிலேயே சாப்பிட்டாள். சட்னி நன்றாக இல்லை என்றாள்.

அக்டோபர் 3

எனக்கு முன்னால் குளித்துக் கிளம்பி நின்றாள். இரண்டாவது கீமோ முடிந்தது. நவமணி அம்மா கூட இருந்தார். படம் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. கேட்டேன். "அவரு கொஞ்ச நாள் உள்ள கெடக்கட்டும்" என்றாள்.

அக்டோபர் 11

சபுரா மங்கையிடம் வெகுநேரம் போனில் பேசினாள். தூக்கம் வருகிறதாம். ஐந்து வேளையும் தொழுகிறாளாம். தொழுகையில் முதலில் அழுதுவிட்டுப் பிறகுதான் மற்றதாம். மாமியார்தான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுகிறாராம்.

நவம்பர் 21

ஆபரேஷன் முடிந்தது. எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டோம் என்றார் டாக்டரம்மா. ஜமாலும் சபுராவும் முதல்நாளே பஸ் ஏறி வந்துவிட்டார்கள். அவர்கள் இருந்த அறையின் பக்கமே சபுராவால் போக முடியாது என்று நினைத்தேன். சபுரா போய்க் கதவைத் தொட்டுவிட்டு வந்து, சமையலறையில் எங்களுக்குக் கஞ்சி வைத்தாள். ஞானதுரையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி மருந்து இல்லை என்று அர்த்தம். நவமணி அம்மா அங்கிருந்து போனில் பேசினார். கணவரால் பாட முடியாததால், இப்போது அவருக்குத் தானே பாடிக் காட்டுவதாகச் சொன்னார்.

ஆபரேஷன் நடந்த நேரமெல்லாம் நான் ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. தூசி அதிகம், கண் எரிந்தது.

மார்ச் 9, பட்டுக்கோட்டை

எல்லா கீமோவும் முடிந்து வந்து சில வாரங்கள் ஆகின்றன. மங்கைக்குத் தலையில் முடி பூனை ரோமம்போல் வந்திருக்கிறது. இன்று கடையைத் திறந்தேன்.

மாலையில் எங்கள் இயக்கத்தின் கிளைச் செயலாளர் செங்கதிர் வந்தார். என்னைவிட மூத்தவர், எனக்குக் கறுப்புச் சட்டை முதலில் வாங்கிக் கொடுத்தவர். டீ வாங்கிக்கொண்டு வெகுநேரம் மோட்டார் விலை பற்றிப் பேசினார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் உங்கள மெட்ராஸ்ல கோயிலுக்குள்ள பாத்திருக்கான். மொட்டத் தல வேற. தோழர்கள் கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"போனது நெசம்தான் தோழர். மங்கையால நிக்க முடியல."

"கும்பிட்டீங்களா?"

"இல்ல. ரெண்டு கையாலயும் அவளப் பிடிச்சிட்டு இருந்தேன்."

அவர் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். "கை சும்மா இருந்திருந்தா?"

ஒரு பதில் தயாராகத்தான் இருந்தது, முப்பது வருடம் சொன்ன பதில். அதைச் சொல்ல வாய் திறந்தபோது, அந்தச் சன்னதியில் மங்கை என் மேல் சாய்ந்து அழுத கனம் தோளில் தெரிந்தது.

"தெரியல தோழர்" என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த ஸ்கேன் என்றைக்கு என்று கேட்டார். வரும் இருபதாம் தேதி என்றேன்.

"தனியாப் போகாதீங்க. நானும் வரேன்" என்றார்.